யோகமா, திறமையா, உழைப்பா?

அய்யா உண்டு!

  

ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்து திருநாமம் இட்டுக்கொண்ட பிறகு, தாங்கல் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவது நம் மக்களின் வழக்கம். பணிவிடை செய்கிறவன் என்ற முறையில் அந்தப் பேச்சு என் காதிலும் விழும். ஊர்ப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். "அவனுக்கு யோகம் அண்ணே, தொட்டதெல்லாம் துலங்குது" என்பார் ஒருவர். "யோகமாவது மண்ணாவது, ராப்பகல் பாராம உழைச்சான், வந்தான்" என்பார் இன்னொருவர். "உழைக்காதவன் யாரு? தொழில் தெரிஞ்சவன் பிழைச்சான், தெரியாதவன் கெட்டான்" என்பார் மூன்றாமவர். ஓரமாக நிற்கிற ஒரு தாய், "எங்க பிள்ளையும் படிக்கத்தான் செய்யுது, நேரம் சரியில்ல போல இருக்கு" என்று மெதுவாகச் சொல்லுவார்.

இந்த நாலு பேச்சும் நம் வீட்டுப் பேச்சுதான். இதில் எது சரி? நம் அய்யாவின் வழியில் நின்று பார்த்தால் என்ன விடை கிடைக்கும்? அதைத்தான் இங்கே சிந்திக்கப் போகிறோம். இது வெறும் வாதத்துக்கான கேள்வி அல்ல. இதற்கு ஒருவர் என்ன விடை வைத்திருக்கிறாரோ, அதை வைத்துத்தான் அவர் தம் பிள்ளையை வளர்க்கிறார், பணத்தைச் செலவு செய்கிறார், விழுந்து கிடக்கிற அயலானைப் பார்க்கிறார்.

முதலில் யோகத்தை எடுத்துக்கொள்வோம். அதிர்ஷ்டம் என்று சொல்லுகிறோமே, அந்த வடசொல்லுக்குக் கண்ணுக்குத் தெரியாதது என்றுதான் பொருள். நம் கணக்குக்கும் கைக்கும் அப்பாற்பட்டு வருவது எல்லாம் அதில் அடங்கும். அப்படி ஒன்று உண்டா என்றால், உண்டு. அதை இல்லை என்று சொல்ல முடியாது. யார் வயிற்றில் பிறக்கிறோம், எந்த ஊரில் பிறக்கிறோம், எந்தக் காலத்தில் பிறக்கிறோம் என்பதை நாம் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மழை நம்மைக் கேட்டுப் பெய்வதில்லை.

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதியை நம் குமரி மாவட்டத்து மக்கள் மறக்க மாட்டார்கள். ஓகி புயல் அடித்த நாள். குலை தள்ளி, வெட்டுக்கு நாள் பார்த்திருந்த வாழைத் தோட்டங்கள் விடியும்போது படுத்துக் கிடந்தன. வருடக்கணக்கில் கன்று வைத்து வளர்த்து, பால்வெட்டுக்கு வந்த ரப்பர் மரங்கள் நடுவில் முறிந்து நின்றன. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த விவசாயிக்குத் தொழில் தெரியாதா? அந்தக் கடலாளிக்கு உழைப்பு போதாதா? அன்று அவர்கள் இழந்ததற்கு அவர்களுடைய திறமையிலும் குறை இல்லை, உழைப்பிலும் குறை இல்லை. ஒரு ராத்திரிக் காற்று, அவ்வளவுதான்.

ஆகவே நம் கைக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. ஆனால் அதை விலை கொடுத்து வாங்கலாம், பரிகாரம் செய்து வளைக்கலாம் என்று யாராவது சொன்னால், அங்கேதான் அய்யா நம்மைத் தடுத்து நிறுத்துகிறார். அய்யா வந்த காலத்தில் நம் மக்கள் சம்பாதித்த சொற்பமும் எங்கே போயிற்று? மந்திரவாதிக்குப் போயிற்று. பேய்க்கு ஆடும் கோழியும் பலி கொடுக்கப் போயிற்று. காணிக்கையாகப் போயிற்று. அய்யா இவை எல்லாவற்றையும் விலக்கினார். பேய்களை எரித்தார் என்று அகிலத்தில் வாசிக்கக் கேட்கிறோம். காணிக்கை வேண்டாம், பலி வேண்டாம், கைக்கூலி வேண்டாம் என்றார். அந்தக் காசும் பயமும் போனாலே ஏழை வீட்டில் பாதிப் பாரம் இறங்கியது.

இன்றைக்கு அந்தப் பேய் வேறு உருவத்தில் வருகிறது. கேரள அரசு 1967-ல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்டது. ஆனால் நமக்குக் களியக்காவிளை தாண்டினால் போதும். கூலி வாங்கின கையோடு பஸ் ஏறிப் போய்ச் சீட்டு வாங்குகிற ஆட்கள் நம் பக்கத்தில் உண்டு. வாலிபப் பிள்ளைகளுக்கு அந்தப் பஸ் செலவும் இல்லை. கைபேசியிலேயே சூதாட்டம் வந்துவிட்டது. "ஒரு நாள் அடிக்கும் அண்ணே" என்பார்கள். யாருக்கோ ஒருவருக்கு அடிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கணக்கைப் பாருங்கள். சீட்டு வாங்கின எல்லோருடைய பணத்திலும் ஒரு பகுதிதான் பரிசாகத் திரும்ப வருகிறது. மிச்சம் கமிஷனுக்கும் அரசு வருமானத்துக்கும் போய்விடும். வாங்குகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம்தான். ஒருவன் வீட்டில் பால் பாயசம் வைக்க ஆயிரம் வீட்டில் அடுப்பு அணைகிறது.

இனாமாக வருகிற செல்வம் எப்படிப்பட்டது என்பதை அகிலத்தில் கலியன் கதை காட்டுகிறது. சிவனாரிடம் அவன் கேட்ட வரம் ஒன்றா, இரண்டா? கேட்டதெல்லாம் பெற்றான். தவம் இருந்தா பெற்றான்? உழைத்தா பெற்றான்? இல்லை. அவனைப்போல யோகக்காரன் உலகத்தில் கிடையாது. பண்டார வேடத்தில் வந்த மாயோனிடம், ஆயுதம் இல்லாத பண்டாரங்களை வருத்தமாட்டேன் என்று சத்தியமும் செய்தான். பிறகு என்ன நடந்தது? பெற்றதை ஆளத் தெரியவில்லை. கொடுத்த வாக்கைக் காக்கத் தெரியவில்லை. தன் வரத்தாலேயே அழிவைத் தேடிக்கொண்டான். துவாபர யுகத்திலும் பாருங்கள். தருமர் நாட்டை வில்லால் இழக்கவில்லை, பகடையால் இழந்தார். தர்மமே உருவானவருக்கும் சூதுப்பலகை இரக்கம் காட்டவில்லை என்றால் நமக்கு எங்கே காட்டப் போகிறது?

அடுத்தது திறமையும் உழைப்பும். இதற்குப் பனையேற்றத் தொழிலைவிட நல்ல பாடம் நமக்கு வேண்டாம். நம் முன்னோர் பெரும்பாலோர் வளர்ந்தது அந்தத் தொழிலில்தான்.

அக்கானி இறக்க வேண்டும் என்றால் விடியுமுன் எழும்ப வேண்டும். அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டி, காலில் தளைநார் மாட்டி ஏற வேண்டும். காலையில் ஏறினது போதாது, பாளை சீவ மாலையிலும் அதே மரத்தில் ஏற வேண்டும். ஒரு மரம் அல்ல, வரிசையாக எத்தனையோ மரம். இது உழைப்பு. ஆனால் உழைப்பு மட்டும் இருந்தால் அக்கானி வருமா? பாளையைக் கடிப்பால் பதமாக நசுக்கத் தெரிய வேண்டும். சீவும்போது கனமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சரியாகச் சீவாவிட்டால் சொட்டு இறங்காது. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி புளித்துக் கள்ளாகும். கூடினால் வாயில் வைக்க முடியாது. கீழே அடுப்படியில் தாய்மார் காய்ச்சும்போது பதம் தவறினால் கருப்பட்டி உறையாது. இது திறமை. இந்தக் கைப்பக்குவம் தகப்பன் கையைப் பார்த்துப் பிள்ளைக்கும், தாய் கையைப் பார்த்து மகளுக்கும் வந்தது. இவ்வளவும் சரியாகச் செய்தாலும், பருவம் தவறி மழை கொட்டினால் அந்த நாள் அக்கானி போயிற்று. ஒரே மண்ணில் நிற்கிற இரண்டு பனையில் ஒன்று தாராளமாகத் தரும், மற்றது தராது. அது நம் கையில் இல்லை.

ஆகவே மூன்றும் சேர்ந்துதான் ஒரு கலயம் நிறைகிறது. இதில் பனையேறி எதை நம்பி மரம் ஏறினார்? மழையை நம்பியா? இல்லை. தளைநாரைப் பார்த்து, அருவாளைத் தீட்டி, தன் கையில் உள்ளதைச் செய்தார். மீதியைத் தெய்வத்திடம் விட்டார். நமக்கும் அந்த அளவு போதும்.

ஆனால் இத்தோடு நிறுத்தினால் நம் அய்யா எதற்காக வந்தார் என்பது விளங்காது. இன்னொரு கேள்வி இருக்கிறது. இவ்வளவு திறமையும் உழைப்பும் உள்ள அந்தப் பனையேறி திருவிதாங்கூர் ராஜ்யத்தில் செழித்தாரா? இல்லையே! அவர் சோம்பேறி என்பதாலா? தொழில் தெரியாததாலா? தலையெழுத்து என்பதாலா? மூன்றும் இல்லை.

ஆளுக்குத் தலைவரி. பனைக்கு வரி. ஏறுகிற ஏணிக்கும், காலில் மாட்டுகிற தளைநாருக்கும்கூட வரி. சர்க்கார் கூப்பிட்டால் கூலி இல்லாமல் ஊழியம் போக வேண்டும். ஓலை கொடு, கருப்பட்டி கொடு, சுமை சுமந்து வா என்று கேட்டால் மறுக்க முடியாது. அன்றைக்குத் தன் மரம் ஏறாமல் கிடக்கும், தன் பிள்ளை பட்டினி கிடக்கும். கஷ்டப்பட்டு ஒருவன் நாலு காசு சேர்த்தாலும் நல்ல துணி உடுத்த முடியாது, தலையில் பாகை கட்ட முடியாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் கோர முடியாது. உழைத்த பலன் உழைத்தவன் கைக்கு வராதபடி நடுவில் ஒரு சுவர் நின்றது. அந்தச் சுவருக்கு அநீதி என்று பெயர். நம் அய்யா அதைக் கலி என்றார்.

கொல்லம் 1008-ம் ஆண்டு மாசி 20-ந் தேதி, அதாவது 1833-ல், அய்யா வைகுண்டராய் அவதரித்தார். வந்தவர் அந்த மக்களைப் பார்த்து, "நீங்கள் இன்னும் உழைக்க வேண்டும்" என்று சொல்லவில்லை. அவர்கள் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். "உங்கள் விதி" என்றும் சொல்லவில்லை. தலைப்பாகை கட்டி வந்து நில் என்றார். திருநாமம் இட்டு நிமிர்ந்து நில் என்றார். மனிதனை மனிதன் கண்டு அஞ்சி ஒடுங்க வேண்டாம் என்றார். முத்திரிக்கிணற்றில் பதினெண் சாதி மக்களையும் ஒன்றாகக் குளிக்கச் செய்தார். முதலில் தலை நிமிர வேண்டும். அப்புறம்தான் கை வேலை செய்தாலும் பலன் வீட்டுக்கு வரும்.

அதோடு விட்டாரா? இல்லை. பயிற்சியும் கொடுத்தார். துவையல் பந்தியை நினைத்துப் பாருங்கள். எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் கடற்கரையில் தங்கித் துவையல் தவசு இருந்தன. நாளுக்கு மூன்று முறை குளித்து, துணி துவைத்து, அரிசியும் சிறுபயறும் கடல்நீரில் வேகவைத்து ஒரு வேளை மட்டும் உண்டார்கள். சுத்தமாக இரு, ஒழுங்காக இரு, நாவை அடக்கு, பத்துப் பேரோடு ஒன்றாக இரு. இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் எது? ஒரு சமுதாயத்துக்குத் திறமை வளருகிற அஸ்திவாரம் அங்கே போடப்பட்டது. அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிற்காலத்தில் வியாபாரத்திலும் கல்வியிலும் மேலே வந்ததற்கு அந்த ஒழுக்கமும் ஒரு காரணம் என்பது அடியேன் எண்ணம்.

அய்யா தாமும் சும்மா இருக்கவில்லை. நாராயணரே வைகுண்டராய் வந்திருக்கிறார். ஒரு சொல்லால் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். ஆனால் பூவண்டன்தோப்பில் ஆறு வருடம் தவம் இருந்தார். முதல் இரண்டு வருடம் குழிக்குள், அடுத்த இரண்டு வருடம் தரையில், கடைசி இரண்டு வருடம் உயர்ந்த இருப்பில். தவத்துக்குப் பிறகும் சோதனை நின்றுவிடவில்லை. அரசன் ஆள் அனுப்பினான், அடித்து இழுத்துப் போனார்கள், சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். புலிக்கூண்டும் கண்டார். 1014-ம் ஆண்டு மாசி 19-ல்தான் விடுதலை ஆகி வந்தார். தெய்வமே பொறுமையோடு படிப்படியாக நடந்து காட்டியிருக்கும்போது, நமக்கு மட்டும் ஒரே நாளில் எல்லாம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

"எல்லாம் அய்யா பார்த்துக்கொள்வார், நான் ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். "எல்லாம் என் உழைப்பு, இதில் அய்யா எங்கே வந்தார்?" என்று சிலர் மனதுக்குள் நினைக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். குருசேத்திரத்தில் கிருஷ்ணர் தேர் ஓட்டினார். வில்லை வளைத்தது அர்ச்சுனன். அர்ச்சுனன் காண்டீபத்தைக் கீழே போட்டபோது அவர் அவனை விட்டாரா? எடு என்றார். அதேபோல வில் என்னுடையது என்று அர்ச்சுனன் தேரோட்டியை இறக்கிவிட்டிருந்தால் அவன் கதி என்ன? அகிலத்திரட்டு அரிகோபாலன் சீடர் கையால் எழுதப்பட்டது. ஏடு பிடித்ததும் எழுத்தாணி பிடித்ததும் அவர் கை. சொல் அய்யா தந்தது என்று நாம் வணங்குகிறோம். கை இல்லாமல் ஏடு இல்லை. அருள் இல்லாமல் அகிலம் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஜெயித்தவர்கள் காதில் இது விழ வேண்டும்.

நம் மக்களில் நன்றாக வந்தவர்கள் இன்று நிறைய உண்டு. அய்யா அருளால் சந்தோஷம். வெளிநாட்டில் சம்பாதித்து வந்தவர்கள், கடை வைத்து உயர்ந்தவர்கள், சர்க்கார் வேலையில் இருப்பவர்கள் தாங்கலுக்கு வருகிறார்கள், அன்னதர்மத்துக்கு அரிசி தருகிறார்கள். ஆனால் சில நேரம் பந்தியில் உட்கார்ந்திருக்கிற ஏழையைப் பார்த்து, "இவன் உழைச்சிருந்தா இந்த நிலைமை வருமா?" என்று ஒரு வார்த்தை விழுந்துவிடுகிறது. அந்த வார்த்தையை நாம் விட்டுவிட வேண்டும். இருநூறு வருடத்துக்கு முன்னால் ஊழியம் வாங்கினவனும் நம் முன்னோரைப் பார்த்து அப்படித்தான் பேசினான்.

சர்க்கார் தேர்வு எழுதுகிற பிள்ளைகளைப் பாருங்கள். சில ஆயிரம் இடத்துக்குப் பல லட்சம் பேர் எழுதுகிறார்கள். ஒரு கேள்வி, அரைக் கேள்வி வித்தியாசத்தில் ஒருவன் உள்ளே போகிறான், ஒருவன் வெளியே நிற்கிறான். உள்ளே போனவனுக்குத் திறமை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. வெளியே நிற்பவனுக்குத் திறமை இல்லை என்று சொல்ல முடியுமா? உள்ளே போனவனைப் படிக்க வைக்கத் தகப்பன் இருந்தார். வெளியே நிற்பவன் காலையில் பால்வெட்டுக்குப் போய்விட்டு வந்து படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே கோட்டில் நின்றா ஓடினார்கள்? ஜெயித்தவன் தன் முயற்சியை நினைத்துச் சந்தோஷப்படட்டும். அதே நேரத்தில் தன் கைக்கு அப்பால் தனக்குக் கிடைத்தது எவ்வளவு என்றும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கட்டும். அப்படி எண்ணுகிறவனுக்கு அகங்காரம் வராது, தர்மம் செய்யத் தானாகக் கை நீளும்.

தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கிக் காப்பதே தர்மம் என்பது நம் வழியின் அடிநாதம். ஏன் காக்க வேண்டும்? அவர் தாழ்ந்து கிடப்பது அவர் குற்றம் என்றால் காக்க வேண்டிய அவசியமே இல்லையே! புயலில் விழுந்த வாழைக்கு முட்டுக் கொடுப்பது போலத்தான் அது. நம் வாழை நின்றது, அவர் வாழை விழுந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுதான் வித்தியாசம். நாளைக்கு அது திரும்பி அடிக்கலாம்.

அதுபோல தோற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேரம் சரியில்லை என்று சொன்ன அந்தத் தாய்க்கும் இது பொருந்தும். அம்மா, பிள்ளையின் நேரத்தைக் குறை சொல்ல வேண்டாம். ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலையவும் வேண்டாம். அந்தக் காசுக்குப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். படிப்பு ஏறவில்லை என்றால் ஒரு கைத்தொழில் கற்றுக் கொடுங்கள். வயரிங் வேலையோ, தச்சு வேலையோ, தையலோ, எதுவானாலும் சுத்தமாகத் தெரிந்தவன் பட்டினி கிடப்பது அபூர்வம். ஒரு தடவை தோற்றால், முதலில் உழைப்பில் குறை உண்டா என்று பாருங்கள். அடுத்து முறையில் குறை உண்டா என்று பாருங்கள். இரண்டிலும் குறை இல்லை என்றால் மனம் உடைய வேண்டாம். மழை பெய்த நாளில் கலயம் நிறையாது. மறுநாளும் பனையேறி ஏறத்தான் செய்தார்.

பள்ளியறையில் அய்யா கண்ணாடி வைத்ததை எல்லோரும் தினமும் பார்க்கிறோம். ஜெயித்தவனும் அதன் முன்னால்தான் நிற்கிறான், தோற்றவனும் அதன் முன்னால்தான் நிற்கிறான். ஒருவனுக்குப் பெரிய உருவமும் மற்றவனுக்குச் சின்ன உருவமும் தெரிவதில்லை. நெற்றியில் இட்ட நாமம் இருவருக்கும் ஒன்றுதான். தனக்குள் அய்யா இருக்கிறார் என்று தெரிந்தவன் தோல்வியில் தன்னைக் கேவலமாக நினைக்க மாட்டான். எதிரே நிற்கிறவனுக்குள்ளும் அதே அய்யா இருக்கிறார் என்று தெரிந்தவன் வெற்றியில் பிறரைக் கேவலமாகப் பேச மாட்டான்.

ஆகவே அன்புக்கொடி மக்களே, திண்ணைப் பேச்சில் வந்த நாலு பேருடைய சொல்லிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒன்றிலும் முழு உண்மை இல்லை. உழைப்பு நம் கடமை; அதை ஒரு நாளும் விடக்கூடாது. திறமை நாம் தேட வேண்டியது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது. கைக்கு அப்பால் வருவது அய்யாவின் பொறுப்பு. அதை விலைக்கு வாங்கப் போகக் கூடாது. நடுவில் அநீதி என்று ஒரு சுவர் நின்றால், அதைத் தலையெழுத்து என்று சொல்லிப் பணியாமல், நியாயத்தோடும் பொறுமையோடும் நிமிர்ந்து நிற்க வேண்டும். பலன் வந்தால் ஒரு பங்கு தர்மத்துக்கு எடுத்து வைக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் தேர்வில் தவறின ஒரு பிள்ளையோ, வியாபாரம் நொடிந்த ஒருவரோ, வேலை இழந்த ஒருவரோ இருப்பார். அவர் வீட்டுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். புத்தி சொல்லப் போக வேண்டாம். உட்கார்ந்து பேசி, உங்களால் முடிந்த ஒரு உதவியைச் செய்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்குக் கூடவே கூட்டிக்கொண்டு வாருங்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்து அன்னம் உண்ணுங்கள். அய்யாவுக்கு அதைவிடப் பிரியமான பணிவிடை வேறு இல்லை.

எல்லா மக்களும் உழைத்த பலனை உண்டு, தர்மமாய் வாழ, அய்யா வைகுண்டர் அருள் புரிவாராக.

அய்யா சிவசிவ அரகரா!

அய்யா உண்டு!